அருகே வைத்துப் பார்த்தல்

எட்வர்ட் டஃப்டியை நான் படிக்க எடுத்தது புள்ளியியல் கற்பதற்காக அல்ல. வரைபடங்களைப் பற்றி எழுதும் ஒருவர் இலக்கிய விமர்சகனைப் போல் எழுதுகிறார் என்று நண்பர் ஒருவர் சொன்னதைச் சரிபார்க்கத்தான். நண்பர் சொன்னது சரி. விமர்சகனுக்கு வேண்டிய எல்லாமே டஃப்டியிடம் இருக்கின்றன: போற்றுவதற்கு முன்னோர்கள், வெறுப்பதற்குச் சமகாலத்தவர்கள், போலியைப் பார்த்த மாத்திரத்தில் இனம் காணும் கண், தன் ரஸனையையே அறமாக ஸ்தாபித்துவிடுகிற பிடிவாதம். முதல் புத்தகம் 1983இல் வந்தது. தாம் நினைத்தபடி அதை அச்சிட்டுத் தரப் பதிப்பகங்களால் ஆகாது என்று கண்டு, வீட்டின் மேல் இரண்டாவது கடன் வாங்கித் தாமே வெளியிட்டார். நகையை அடகு வைத்துப் பத்திரிகை நடத்தியவர்கள் இருக்கிற நம் வட்டத்துக்கு இது பெரிய செய்தியல்ல. அங்கே புத்தகம் விற்றது என்பதுதான் செய்தி.

அவருடைய சித்தாந்தத்தைச் சில வாக்கியங்களில் சொல்லிவிடலாம். காகிதத்தில் விழும் மை ஒவ்வொன்றும் ஒரு தகவலைச் சொல்ல வேண்டும். சொல்லாத மையை அழித்துவிட வேண்டும். கட்டங்கள், நிழல்கள், கண்ணைக் கூசவைக்கும் கோடுகளின் நெசவு, பக்கத்தை நிரப்புவதற்காகப் போட்ட சித்திரம் எல்லாம் குப்பை. எண் தனியாக நின்றால் அர்த்தமில்லை. எதோடு ஒப்பிட்டு என்று கேட்கிற போதுதான் அது பேசத் தொடங்குகிறது. ஆகவே ஒரே அளவில், ஒரே முறையில் வரைந்த சிறு படங்களை வரிசையாக அடுக்கி வைத்தால், பார்க்கிறவனின் கண் படத்துக்குப் படம் தாவி, மாறியது எது, மாறாதது எது என்று தானே கண்டுகொள்ளும்.

இது நமக்கு ஏன் இவ்வளவு சுலபமாகப் பிடித்துவிடுகிறது என்று யோசிக்க வேண்டும். அடைமொழியைக் களைவதே நவீனம் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். மேடைத் தமிழின் ஜோடனைகளுக்கு எதிராக வறட்சியைக் கூட ஒரு குணமாக ஏற்றுக்கொண்டோம். அந்தப் போராட்டம் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் எதிர்ப்பாகப் பிறந்த ஒன்று வெகு சீக்கிரம் பழக்கமாகிவிடுகிறது. பழக்கமான பின் சோதித்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. டஃப்டியின் சிக்கனத்தைப் படிக்கும் போது நமக்கு உண்டாகிற சந்தோஷத்தில் பாதி, நம்மை நாமே தட்டிக் கொடுத்துக்கொள்கிற சந்தோஷம்.

டஃப்டி தாக்கிய படங்களில் ஒன்று நைஜல் ஹோம்ஸ் 1982இல் 'டைம்' பத்திரிகைக்கு வரைந்தது. வைரத்தின் விலை ஏறி இறங்கியதைச் சொல்ல ஒரு நங்கையை உட்காரவைத்து, வலைக் காலுறை அணிந்த அவள் காலின் வளைவையே விலைக் கோடாக்கியிருந்தார். இதைப் பார்த்து டஃப்டிக்குக் கோபம் வந்ததில் ஆச்சர்யமில்லை. எனக்கும் வந்தது. ஆனால் 2010இல் கானடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஹோம்ஸின் படங்களையும், அவற்றையே அலங்காரம் உரித்து வரைந்த படங்களையும் 20 பேரிடம் காட்டிச் சோதித்தார்கள். படித்துப் புரிந்துகொள்வதில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்து நினைவுகூரச் சொன்ன போது, அலங்காரப் படங்களே மனத்தில் தங்கியிருந்தன. 20 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஹோம்ஸின் திறமை சாதாரணமானதல்ல என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மற்றவர்களின் ஜோடனைகளுக்கு இது பொருந்துமா என்பது வேறு விஷயம். இதனால் டஃப்டி தோற்றுவிட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரஸனையில் பிறந்த ஒரு கட்டளை, விஞ்ஞானத்தின் உடையை உடுத்திக்கொண்டு இருபத்தேழு வருஷம் நடமாடியிருக்கிறது என்பது தெளிவாகிறது. நினைவில் நிற்பதும் ஒப்பிட முடிவதும் ஒரே காரியம் அல்ல என்று அவர் பதில் சொல்லலாம். அந்தப் பதில் எனக்குச் சம்மதமே. அலங்காரச் சண்டையை அத்தோடு விட்டுவிட்டு, ஒப்பிடுதல் என்ற காரியத்துக்கு வருகிறேன். உண்மையான பிரச்னை அங்கேதான் இருக்கிறது.

வரைபடத்தின் சரித்திரமே ஒப்பிடும் ஆசையின் சரித்திரம்தான். வில்லியம் பிளேஃபேர் 1786இல் லண்டனில் வெளியிட்ட வர்த்தக அட்லஸில் 44 படங்கள் இருந்தன. 43 படங்களில் வருஷங்கள் கிடையாக ஓட, ஏற்றுமதி இறக்குமதிக் கோடுகள் மேலும் கீழுமாகப் போகின்றன. மீதியுள்ள ஒன்று ஸ்காட்லாந்து. அந்நாட்டுக்குப் பல வருஷக் கணக்கு கிடைக்கவில்லை. 1781ஆம் வருஷக் கணக்கு மட்டும் இருந்தது. வேறு வழியின்றி ஒவ்வொரு நாட்டுடனும் நடந்த வியாபாரத்துக்கு ஒரு பட்டை என்று வரைந்தார். இது மற்றவற்றைப் போல் பயனுள்ளதல்ல என்று ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதலில் கற்கும் பட்டை வரைபடம் இப்படி ஒரு குறையிலிருந்து பிறந்தது. நீளத்தை நீளத்தோடு வைத்துப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல வழி இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. 1984இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளீவ்லண்ட், மக்கில் இருவரும் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். ஒரே அளவுகோலின் மேல் இருக்கிற புள்ளிகளை ஒப்பிடுவதில் கண் பிசகுவது குறைவு. நீளம், கோணம், பரப்பு, கனம், நிறத்தின் அடர்த்தி என்று போகப் போகப் பிசகு கூடுகிறது. அப்பத்தைத் துண்டு போட்ட மாதிரியான வட்டப் படங்களை நம்பக்கூடாது என்று இன்று எல்லோரும் சொல்வதற்குப் பின்னால் இந்தப் பட்டியல் இருக்கிறது.

எண்களைச் சுருக்கிச் சொன்னால் போதாதா, எதற்காக வரைய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஆன்ஸ்கோம் 1973இல் ஒரு பதில் தந்தார். நான்கு எண் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 11 ஜோடிகள். நான்கிலும் ஒரு பக்கச் சராசரி 9, மறு பக்கச் சராசரி 7.5. நான்கிலும் இரண்டுக்கும் உள்ள தொடர்பின் அளவு ஏறக்குறைய 0.82. கணக்குப் போடுகிறவனுக்கு நான்கும் ஒன்றேதான். வரைந்து பார்த்தால் ஒன்று கலைந்த நேர்கோடு, ஒன்று வளைவு, ஒன்றில் எல்லாப் புள்ளிகளும் கச்சிதமாக ஒரே கோட்டில் நிற்க ஒரு புள்ளி மட்டும் விலகியிருக்கிறது, ஒன்றில் எல்லாம் செங்குத்தாக அடுக்கியிருக்க எங்கோ தூரத்தில் ஒற்றைப் புள்ளி. நம் விமர்சனத்தில் 'மத்தியதர வாழ்வின் அவலத்தைச் சொல்கிறது' என்ற ஒரே வாக்கியத்தில் நான்கு நாவல்களை அடக்கிவிடும் கட்டுரைகள் எத்தனை வந்துவிட்டன! சராசரி பொய் சொல்வதில்லை. வளைவையும் நேர்கோட்டையும் பிரித்துச் சொல்லும் பொறுப்பு தனக்கில்லை என்று இருந்துவிடுகிறது.

சரி, ஒப்பிட வேண்டும். எப்படி ஒப்பிடுவது? இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த தெளிவான விடை விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கிளைக்கரும் அவருடைய சகாக்களும் 2011இல் எழுதிய கட்டுரையில் இருந்தது. கணினித் திரையில் இரண்டு பொருள்களை ஒப்பிட்டுக் காட்டப் பலரும் செய்து வைத்திருந்த உத்திகளைத் திரட்டிப் பார்த்து, அடிப்படையில் மூன்றே வழிகள்தான் என்கிறார்கள். பக்கத்தில் பக்கம் வைக்கலாம். ஒன்றன் மேல் ஒன்றைப் போடலாம். அல்லது இரண்டுக்கும் உள்ள உறவை, வித்தியாசத்தை, தனியாகக் கணக்கிட்டு அதையே வரைந்து காட்டலாம். மற்றதெல்லாம் இவற்றின் கலவை.

படிக்கும் போது இது வெறும் வகைப்படுத்தலாகத் தெரிகிறது. யோசித்தால் ஒவ்வொன்றும் ஒரு விலை கேட்கிறது என்பது புரியும். பக்கத்தில் வைத்தால் இரண்டும் முழுசாக இருக்கும்; ஆனால் கண் ஒன்றை விட்டு மற்றதற்குப் போகும் அந்த இடைவெளியில் நினைவைத்தான் நம்ப வேண்டும், நினைவு நம்பத் தகுந்ததல்ல. மேலே போட்டால் நினைவுக்கு வேலை இல்லை. விலகும் இடம் உடனே தெரியும். ஆனால் இரண்டு கோட்டுக்கு மேல், போனால் மூன்றுக்கு மேல், எல்லாம் நூல்கண்டு. தவிர, மேலே போடுவதற்கு இரண்டுக்கும் பொதுவான ஒரு தளம் வேண்டும். அது இல்லாத இடத்தில் நாமே ஒன்றைத் திணிக்கிறோம். மூன்றாவது வழிதான் மிகக் கவர்ச்சியானது. வித்தியாசத்தை மட்டும் பிழிந்து கையில் கொடுத்துவிடுகிறது. கொடுக்கும் போதே எவற்றின் வித்தியாசம் என்பதை மறைத்தும் விடுகிறது. 100க்கும் 90க்கும் உள்ள பத்தும், 11க்கும் 1க்கும் உள்ள பத்தும் அங்கே ஒரே உயரத்தில் நிற்கின்றன.

இதைப் படித்த அன்று என் பழைய கட்டுரைகள் சிலவற்றை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கவிஞர்களை ஒப்பிட்டு எழுதிய இடங்களில் கவிதைகளைப் பக்கத்தில் வைத்தது மிகக் குறைவு. வைத்த இடங்களில் மட்டுமே வாசகனுக்கு என்னோடு சண்டை போட ஏதாவது மிஞ்சியிருந்தது. ஒருவர் மேல் மற்றவரைப் போட்டது அதிகம் – முன்னவரின் அளவுகோலைப் பின்னவர் மேல் வைத்து, எங்கே பிதுங்குகிறார், எங்கே எட்டவில்லை என்று. மீதி எல்லாம் மூன்றாவது ரகம். இவர் அவரைவிட மேல். எவ்வளவு மேல் என்பதிலும் சந்தேகமில்லாமல் எழுதியிருக்கிறேன். கவிதைகள்தான் பக்கத்தில் இல்லை.

மினார் விஷயத்துக்கு வருவோம். ஷார்ல் ஜோசஃப் மினார் பிரெஞ்சு அரசின் பாலங்கள், சாலைகள் துறையில் தலைமை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 1869 நவம்பரில், 88 வயதில், நெப்போலியனின் ருஷ்யப் படையெடுப்பை ஒரு படமாக வரைந்து வெளியிட்டார். நியெமன் நதிக்கரையில் 4,22,000 பேராகத் தொடங்கும் படை ஒரு தடித்த பட்டையாகக் கிழக்கே போகிறது. பத்தாயிரம் பேருக்கு ஒரு மில்லிமீட்டர் அகலம். மாஸ்கோவை அடையும் போது 1,00,000. திரும்பி வருவது கறுப்புப் பட்டை. பெரஸினா நதியைக் கடக்கையில் 50,000 என்பது 28,000 ஆகிறது. முடிவில் 10,000 பேர், ஒரு மில்லிமீட்டர். கீழே திரும்பும் நாட்களின் குளிர், ரேமர் அளவையில், சுழியத்துக்குக் கீழே 30 வரை இறங்குகிறது. புள்ளிவிவர வரைபடங்களில் ஒருவேளை இதுதான் தலைசிறந்தது என்ற பொருளில் டஃப்டி எழுதினார். அதற்குப் பின் இதைப் புகழாமல் யாரும் வரைபடத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்தத் தாளில் இரண்டு படங்கள் இருந்தன. நெப்போலியனுக்கு மேலே ஹானிபல். ஸ்பெயினிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிக்குப் போன படை, அதுவும் மெலிந்துகொண்டே போகும் பட்டையாக. இரண்டாயிரம் வருஷ இடைவெளியில் இரண்டு சேனாதிபதிகள், இரண்டு படைகள், ஒரே தாளில். மினார் ஒப்பிட்டிருக்கிறார். அவர் சொன்ன விஷயமே அந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. பிறகு வந்தவர்கள் அச்சிட்டுப் பரப்பியதெல்லாம் பெரும்பாலும் கீழ்ப் பாதியை மட்டும். ஒப்பிடுதலின் மகத்துவத்துக்கு உதாரணமாகக் காட்டப்படும் படம், ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் இருந்ததை இழந்தே நமக்கு வந்து சேர்ந்தது. ரசிகர்கள் செய்கிற அட்டூழியம் எல்லாக் கலைகளிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

இன்னொன்று. இந்தப் படத்தைப் பார்த்த எவரையும் கேளுங்கள், படையைக் கொன்றது எது என்று. குளிர் என்பார்கள். கறுப்புப் பட்டையும் அதன் கீழ் சரியும் குளிர்க் கோடும் அப்படித்தான் சொல்லவைக்கின்றன. ஆனால் மினாரின் எண்களையே எடுத்துக்கொண்டால், பக்கவாட்டில் பிரிந்து போன படைகளைக் கழித்த பின்னும், குளிர் வருவதற்கு முன்பே, போகிற வழியிலேயே பெரும்பகுதி கரைந்துவிட்டது. கோடை வெயில், பசி, வயிற்றுப்போக்கு, டைஃபஸ் ஜுரம். போகும் வழிக்கு வெப்பக் கோடு கிடையாது. எதோடு ஒப்பிட்டு என்ற கேள்வியை இந்தப் படத்தை நோக்கியே கேட்டிருந்தால் அந்த வெற்றிடம் கண்ணில் பட்டிருக்கும். படத்தின் அழகு கேட்க விடவில்லை.

செத்தவர்களுக்கு இந்தப் படத்தில் மை இல்லை. இருப்பவர்களுக்குத்தான் அகலம், இல்லாமல் போனவர்கள் பட்டை குறைந்த அளவில், வெறும் காகிதமாக, இருக்கிறார்கள். செத்தவனும், ஓடிப் போனவனும், சிறைப்பட்டவனும் அங்கே ஒன்றே. தகவலைச் சொல்லும் மை மட்டும் என்ற டஃப்டியின் கணக்கில் அவர்களுடைய பங்கு பூஜ்யம். படத்தின் சோகமோ முழுக்க அந்தப் பூஜ்யத்தில் இருக்கிறது. மினார் இதை அறிந்து செய்தாரா என்று கேட்பதில் பயனில்லை. மறு வருஷம் பிரஷ்யப் படை நெருங்கிய போது முதியவர் பாரீஸை விட்டு போர்டோ நகருக்குப் போனார். அக்டோபரில் அங்கேயே இறந்தார்.

நைட்டிங்கேல் அம்மையாரின் 1858ஆம் வருஷப் படத்தைப் பற்றியும் நிறையச் சொல்லலாம். கிரிமியப் போரின் இரண்டு வருஷங்களுக்கு இரண்டு வட்டங்கள், மாதத்துக்கு ஓர் இதழ், நோயில் செத்தவர்களுக்கு நீலம், காயத்தில் செத்தவர்களுக்குச் சிவப்பு. பரப்பை ஒப்பிடுவதில் கண் தவறும் என்று கிளீவ்லண்ட் சோதித்துச் சொன்னது உண்மைதான். ஆனால் நீலத்துக்கும் சிவப்புக்கும் இருந்த வித்தியாசம் அப்படித் தவறவிட முடியாத வித்தியாசம்.

இதுவரை சொன்னவை ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் பிறருக்குக் காட்டுகிற படங்கள். தெரியாததைத் தேடுவதற்கு வரைவது வேறு. பிரான்ஸில் ஜாக் பெர்த்தன், 1967இல் வரைபடக் குறியியலைப் பற்றிப் பெரும் நூல் எழுதியவர், தம் கூடத்தில் ஒரு சாதனம் வைத்திருந்தார். சிறு கட்டைகள் கோத்த பலகை. கட்டையின் கறுப்பு வெள்ளை அளவு எண்ணைக் குறிக்கும். வரிசைகளையும் பத்திகளையும் கையால் கழற்றி இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போனால், எங்கோ ஓர் இடத்தில் சிதறிக் கிடந்த கறுப்பு ஒன்று திரண்டு ஓர் உருவம் தெரியும். எண்ணை மாற்றவில்லை, வரிசையைத்தான் மாற்றினோம். கவிதையில் வரியை இடம் மாற்றிப் பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. வரைபடம் ஒரு முறை எழுதி முடிகிற வாக்கியமல்ல, கலைத்துக் கலைத்து அடுக்க வேண்டியது என்று பெர்த்தன் சொன்னதைத்தான் இன்றைய கணினித் திரைகள் செய்துகொண்டிருக்கின்றன.

அமெரிக்காவில் ஜான் டூக்கி 1977இல் இந்தத் தேடலுக்கு ஒரு தத்துவம் கொடுத்தார். தேடுவது துப்பறிகிறவனின் வேலை, நிரூபிப்பது நீதிபதியின் வேலை. துப்பறிகிறவன் இல்லாவிட்டால் நீதிபதிக்கு வழக்கே இல்லை. ஆனால் துப்பறிகிறவனே தீர்ப்பும் எழுதிவிடக் கூடாது. டூக்கியின் எழுத்தில் விளையாட்டுத்தனம் உண்டு. பெட்டிப் படம், தண்டும் இலையும் என்று பெயர் வைத்துக்கொண்டே போவார். அந்த விளையாட்டுக்குள் இந்த எச்சரிக்கை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கவனிக்காததன் விளைவு 2018இல் வந்த ஒரு சோதனையில் தெரிகிறது. உண்மை எது என்று முன்கூட்டியே தெரிந்த, செயற்கையாகச் செய்த புள்ளி விவரங்களைக் கொடுத்து, திரையில் துழாவிக் கண்டதைச் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னவற்றில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் பொய். யாரும் ஏமாற்றவில்லை. ஆயிரம் ஜோடிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் சிலது தற்செயலாகவே ஒத்துப் போகும். ஒத்துப் போனதைத்தான் கண் பார்க்கிறது. ஒத்துப் போகாத மிச்சத்தை எத்தனை முறை பார்த்தோம் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. ஒப்பிடும் வசதி பெருகப் பெருக இந்த அபாயமும் பெருகுகிறது. நல்ல கருவி நல்ல பொய்களையும் தரும்.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு டஃப்டியின் 1997ஆம் வருஷப் புத்தகத்தில் சாலஞ்சர் பற்றிய அத்தியாயத்தைப் படிக்க வேண்டும். அவருடைய எழுத்தில் உச்சம் என்று பலர் கருதுவது. எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

1986 ஜனவரி 28ஆம் தேதி சாலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 வினாடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் பகுதிகளை இணைக்கும் இடத்தில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, சூடான வாயுவைத் தடுக்கத் தவறியது காரணம். முந்தைய இரவு, ராக்கெட் செய்த கம்பெனியின் என்ஜினியர்கள் ஊட்டா மாநிலத்திலிருந்து தொலைபேசியில், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறைந்தால் ஏவ வேண்டாம் என்று மன்றாடினார்கள். கையோடு 13 தாள்களைத் தொலைநகலில் அனுப்பினார்கள். ஏவும் தரப்பு ஏற்கவில்லை. கம்பெனி நிர்வாகமே கடைசியில் தன் என்ஜினியர்களைக் கைவிட்டு ஒப்புதல் கொடுத்தது.

டஃப்டி அந்த 13 தாள்களையும் ஒரு கவிதைத் தொகுதியைப் போல விமர்சிக்கிறார். எண்கள் சிதறிக் கிடக்கின்றன. சேதத்தையும் வெப்பத்தையும் ஒரே படத்தில் யாரும் சேர்க்கவில்லை. 53 டிகிரியிலும் 75 டிகிரியிலும் கிளம்பிய இரண்டு பயணங்களைத்தான் ஒப்பிட்டார்கள். சேதமே இல்லாத பயணங்களைக் கணக்கில் எடுக்கவில்லை. அதன்பின் தாமே ஒரு படம் வரைகிறார். 24 பயணங்களையும் வெப்ப வரிசையில் வைத்து, சேதத்தின் அளவு மேலே ஏற, இடது பக்கம் அன்றைய முன்னறிவிப்பான 26 முதல் 29 டிகிரி. பார்த்ததுமே யாரும் ஏவச் சொல்ல மாட்டார்கள். சேதமில்லாத பயணங்களைச் சேர்த்தால் நிலைமை தலைகீழாகத் தெரியும் என்பதை 1986இலேயே விசாரணைக் குழு சொல்லியிருந்தது: 66 டிகிரிக்கு மேல் 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம், அதற்குக் குறைந்த நான்கிலும் சேதம். டஃப்டி அதை ஒரு படமாக்கி, அதிலிருந்து ஒரு நீதியையும் எடுக்கிறார்: சரியாக வரைந்திருந்தால் ஏழு பேர் பிழைத்திருப்பார்கள்.

2002இல் இதற்கு ஒரு மறுப்புக் கட்டுரை வந்தது. எழுதிய நால்வரில் ஒருவர் ரோஜர் போஜலே, அன்றிரவு மன்றாடிய என்ஜினியர்களில் ஒருவர். கட்டுரை நிதானமாகச் சொல்கிறது: டஃப்டியின் கிடைக்கோட்டில் வளையத்தின் வெப்பமும் காற்றின் வெப்பமும் கலந்திருக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல. டஃப்டி வரைந்த 24 புள்ளிகளும் அன்றிரவு என்ஜினியர்கள் கையில் இல்லை. மேலும் டஃப்டி ஒரே 'சேதம்' என்று கூட்டிச் சேர்த்தது இரண்டு வெவ்வேறு சங்கதிகள். வளையம் அரிபடுவது ஒன்று. வாயு வளையத்தைத் தாண்டிப் போவது இன்னொன்று. இரண்டாவதுதான் அவர்களை நடுங்கவைத்தது.

இங்கேதான் நான் நின்றுவிட்டேன். இரண்டு பயணங்களை மட்டும் ஒப்பிட்டார்கள் என்று டஃப்டி ஏளனம் செய்கிறாரே, அந்த இரண்டில் போஜலே ஒப்பிட்டது எதை? கரியை. 1985 ஜனவரியில், 53 டிகிரியில் கிளம்பிய ராக்கெட்டின் இணைப்பைப் பிரித்த போது இரண்டு வளையங்களுக்கு இடையில் இருந்த மசகு கன்னங்கரேலென்று இருந்தது. 75 டிகிரியில் கிளம்பியதில் சாம்பல் நிறம்தான். கருமை என்றால் அவ்வளவு வாயு தாண்டியிருக்கிறது. அந்த வருஷம் ஜூலையிலேயே பேரழிவு வரும் என்று மேலிடத்துக்குக் குறிப்பு எழுதிவிட்டார். குளிர்ந்த ரப்பர் பழைய வடிவுக்கு மீள எவ்வளவு நேரம் ஆகிறது என்று சோதனைக்கூடத்தில் பார்த்திருந்தார்கள். ஆக, அவர்களுடைய ஒப்பீடு இரண்டு புள்ளிகளால் ஆனதல்ல. இரண்டு புள்ளிகளுக்கும் கீழே ரப்பரைப் பற்றிய ஓர் அறிவு கிடந்தது. அது தாளில் வரவில்லை என்று குறை சொல்லலாம். அது இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் டஃப்டி செய்தது கிளைக்கர் சொன்ன மூன்றாவது வழி – இரண்டு சங்கதிகளைக் கூட்டி ஒரே அளவாக்கி அதை வரைந்தது. டூக்கியின் பாஷையில் சொன்னால், முடிவு தெரிந்த பின் துப்பறிந்து, தீர்ப்பையும் தானே எழுதியது.

மோசமான படங்களால் ஏழு பேர் செத்தார்கள் என்ற வாக்கியம் விமர்சகர்களான நமக்கு மிகவும் பிடித்தமானது. உருவம் சரியாக இருந்திருந்தால் உலகம் கேட்டிருக்கும் என்கிறது அது. கேட்க வேண்டாம் என்று முடிவு கட்டியவர்கள், ஏவ வேண்டிய நெருக்கடி, என்ஜினியர் என்ற நினைப்பை விட்டு நிர்வாகியாக யோசிக்கும்படி ஒருவரிடம் சொன்ன இன்னொருவர் – இவர்களெல்லாம் பின்னால் போய்விடுகிறார்கள். தாளும் பேனாவும் முன்னால் வருகின்றன. அன்றிரவு அந்தத் தாள்கள் நன்றாக இருந்தன என்று நான் வாதிடவில்லை. அவை மோசமானவைதான், அச்சில் பார்க்கவே எரிச்சல் வருகிறது. எதோடு ஒப்பிட்டு என்று உலகத்தைக் கேட்கக் கற்றுக் கொடுத்தவர், தம் படத்தை எதோடும் ஒப்பிடாமல், கரியைத் தொட்டுப் பார்த்தவர்களைக் குற்றவாளிகளாக்கினாரே என்பதுதான் என் புகார்.

போஜலே 2012 ஜனவரியில் இறந்தார். டஃப்டியின் படத்தில் 53 டிகிரிக்கும் 29க்கும் இடையே நீண்ட வெற்றிடம் இருக்கிறது. அந்த இடத்தில் யாரிடமும் ஒரு புள்ளியும் கிடையாது, என்ஜினியர்களிடமும் கிடையாது; அங்கே போக வேண்டாம் என்பதைத்தான் அவர்கள் 13 தாளில், அரைகுறையாக, சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் உள்ள பிரதியில் அந்தப் பக்கத்தில் 2002ஆம் வருஷக் கட்டுரையின் நகலை மடித்து வைத்திருக்கிறேன். கட்டுரை நீளமானது, புத்தகம் சரியாக மூடுவதில்லை.